சம்பளம் கேட்காத பெண் வீட்டுக்காரன்

வந்தவன் – …இல்ல சார், அரைக்க வரல. கையில பையே இல்ல பாருங்க.

பெரியவர் – அதான் நானும் பாக்கறேன். மாவு மில்லுக்கு ஒருத்தன் வெறுங்கையோட வந்து கால் மணி நேரமா நின்னுகினு கீறானேன்னு. மில்லுக்காரம்மா பேங்க்குக்குப் போயிருக்கு. நான் சும்மா கடைய பாத்துக்கறேன். இன்னா வோணும்?

வந்தவன் – மாடியில பக்தவத்சலம்னு ஒருத்தர் இருக்காராமே. ஆவடி பேக்டரியில ரிட்டயர் ஆனவரு.

பெரியவர் – யாரு கேக்கறது?

வந்தவன் – பொண்ணு ஊட்டு சைடு சார். பூந்தமல்லி. அவர் பையன் தினகரன் மிலிட்டரியில இருக்காருல்ல… எங்க சித்தப்பா பொண்ணக் குடுக்கலாமான்னு ஒரு பேச்சு. அதான் நேரா ஊட்டுக்குப் போறதுக்கு முன்னாடி அக்கம்பக்கத்துல ஒரு வார்த்த…

பெரியவர் – ஓ… மாப்ள விசாரிக்க வந்தியா.

வந்தவன் – ஆமா சார்.

பெரியவர் – பேரு?

வந்தவன் – சிவராமன்.

பெரியவர் – முடிய இன்னா இவ்ளோ ஒட்ட வெட்டிகீற? நீயும் மிலிட்டரியா?

வந்தவன் – வெயிலுக்கு சார். நான் திருமழிசை எஸ்டேட்ல ஒரு கம்பெனியில இருக்கேன்.

பெரியவர் – கார்டு வச்சிருக்கியா?

வந்தவன் – மாப்ள விசாரிக்க வந்தவன்கிட்ட கார்டு கேப்பீங்களா?

பெரியவர் – காலம் அப்டி கீது. போன வாரம் ரெண்டு பேரு பைக்ல வந்து, முனை டீக்கடையில இதே தினகரனப் பத்தி நோண்டி நோண்டி கேட்டுட்டுப் போயிருக்கானுங்க.

வந்தவன் – யாரு? இன்னா கேட்டாங்க?

பெரியவர் – பாத்தியா, ஒடனே துள்ற. உனுக்கு எதுக்கு அது? போட்டிக்கு வேற பொண்ணு ஊடு வந்துடுச்சுன்னு பயமா?

வந்தவன் – அ… ஆமா. அதான். நீங்க பக்தவத்சலம் சாருக்கு…

பெரியவர் – பின் போர்ஷன்ல குடியிருக்கேன். கலியமூர்த்தி. அவர நீ பாத்ததே இல்லியா?

வந்தவன் – போட்டோகூட பாத்ததில்ல சார். பையன் போட்டோ மட்டுந்தான் குடுத்தாங்க. ஆளு எப்டி?

பெரியவர் – தங்கமான மனுஷன்.

வந்தவன் – கோவக்காரரு, பையன்கிட்ட சரியா பேசக்கூட மாட்டாருன்னு கேள்விப்பட்டேன்.

பெரியவர் – எவன் சொன்னது?

வந்தவன் – இல்ல… பொதுவா…

பெரியவர் – பேச மாட்டாருன்னா பாசம் இல்லன்னு அர்த்தமா? சில பேருக்கு வாய் வராது. அதுக்குன்னு…

பொன்னியம்மா – இன்னா, இங்க குந்திகினு கீற? மேல குக்கரு கத்திகினே கீது, எங்க ஊட்டு வரைக்கும் கேக்குது, நீ பாட்டுக்கு…

பெரியவர் – பொன்னியம்மா, அந்தக் கோதுமைய ஓரமா வச்சிட்டுப் போ. சாயந்தரம் அரைச்சி வைக்கச் சொல்றேன்.

பொன்னியம்மா – நான் இன்னா சொல்றேன், நீ இன்னா…

பெரியவர் – குக்கர நான் போய் பாத்துக்கறேன். போ போ. ஆளு வந்திருக்காங்க.

வந்தவன் – …மேல ஊட்டு குக்கரு கத்தினா உங்ககிட்ட வந்து சொல்றாங்களா?

பெரியவர் – இந்தத் தெருவுல எல்லார் ஊட்டு குக்கரும் எல்லாரும்தான் பாப்போம். நீ மேல கேளு.

வந்தவன் – பையன் எப்டி சார்?

பெரியவர் – சிகரெட்டு இல்ல, தண்ணி இல்ல. லீவுல வந்தா அம்மாவுக்கு துணி தொவைச்சிப் போடுவான். மிலிட்டரியில நல்ல பேரு. பதினாலு வருஷ சர்வீஸ். ஒரு குத்தம் சொல்ல முடியாது.

வந்தவன் – லீவு பூரா இங்கதான் இருப்பாரா?

பெரியவர் – வேற எங்க இருப்பான்?

வந்தவன் – சும்மா கேட்டேன். சரி… இந்தத் தெருவுல அவங்க குடும்பத்துக்கு ஆகாதவங்க யாராச்சும்?

பெரியவர் – இன்னாத்துக்கு?

வந்தவன் – வாய்க்கா தகராறு, பார்க்கிங் தகராறு… அந்த மாதிரி. அப்புறம், மிலிட்டரிக்காரங்களுக்கு இங்கிலீஷ்ல லெட்டர் எழுதற அளவுக்குப் படிச்சவங்க தெருவுல யாரு யாரு கீறாங்க?

பெரியவர் – தம்பி, உன் சித்தப்பா பொண்ணுக்கு இன்னா நட்சத்திரம்?

வந்தவன் – நட்சத்திரமா… ரோகிணி.

பெரியவர் – வந்த ஒடனே பரணின்னு சொன்ன.

வந்தவன் – ஆமா ஆமா, பரணிதான். வாய் தவறிப்போச்சு.

பெரியவர் – நீ ஒண்ணுமே சொல்லல. நான்தான் சும்மா போட்டுப் பாத்தேன். அதுகூட போகட்டும். எங்க தெருவுல எத்தினி கல்யாண விசாரணை பாத்திருக்கேன். வந்து ஒக்காந்த ஒடனே மொத கேள்வி சம்பளம் எவ்ளோ. ரெண்டாவது ஊடு யார் பேருல கீது. மூணாவது கூடப் பொறந்தவங்க எத்தினி பேரு. நீ ஒண்ணாச்சும் கேட்டியா? சம்பளம் கேக்காத பொண்ணு ஊட்டுக்காரன நான் பாத்ததே இல்ல. யார்ரா நீ?

வந்தவன் – சார், மரியாதையா…

பெரியவர் – யூனிட்லேர்ந்து அனுப்பிச்சாங்களா? சொல்லு. எழுதிகினு போறதுன்னா நல்லா எழுதிக்கோ. எங்க தினகரன் ஒழுக்கமான பையன். அவனுக்கு எந்த ஆம்பளையோடயும் ஒண்ணும் கெடையாது. அடுத்த தையில கல்யாணம். போதுமா?

வந்தவன் – ஆம்பளையோடன்னு நான் கேக்கவே இல்லியே. கேட்டனா? தெருவுல எல்லாரும் மாப்ளைக்கு வேற பொண்ணோட தொடுப்பு கீதான்னுதான் யோசிப்பாங்க. உனுக்கு மட்டும் எப்டி பெரியவரே ஆம்பளன்னு வருது?

பெரியவர் – அது… ஏதோ டீக்கடையில பேசிகினாங்க.

வந்தவன் – பேசியிருக்க மாட்டாங்க. அந்த விஷயம் லெட்டர்ல மட்டும்தான் இருந்துச்சு.

பெரியவர் – இன்னா லெட்டரு?

வந்தவன் – நடிக்காத. மாப்ள விசாரணைக்கு வந்தா பக்கத்து ஊட்டுக்காரன் எவனும் முழுசா நல்லது சொல்ல மாட்டான். ஒரு குத்தமாச்சும் மெதுவா எடுத்து வுடுவான். நீ தங்கம் வைரம்னு அளந்துகினே கீற. செஞ்ச துரோகம் உறுத்துது உனுக்கு.

பெரியவர் – துரோகமா…

வந்தவன் – தினகரன் ஒரு ஆம்பளையோட குடும்பம் நடத்தறான்னு இங்கேர்ந்து ஒருத்தன் யூனிட்டுக்கு எழுதிப் போட்டுட்டான். யாருன்னு பேரு சொல்ல மாட்டேங்கறாங்க. உங்க ஊர்லேர்ந்து வந்துதுன்னு மட்டும்தான் அவன்கிட்ட சொல்லிருக்காங்க. இப்ப என்கொயரி ஓடிகினு கீது. வேலை போயிடும் பெரியவரே. இன்னும் ஒரு வருஷம் தாண்டினா பென்ஷன். அதுகூட இல்லாம வெறுங்கையோட அனுப்புவாங்க.

பெரியவர் – அது… கோர்ட்டுலதான் தப்பில்லன்னு சொல்லிட்டாங்களே. டிவியில அத்தினி நாள் காட்டினாங்களே.

வந்தவன் – அது வெளிய இருக்கறவங்களுக்கு. உள்ள அவங்களுக்குன்னு சட்டம் தனியா கீது. ஒழுங்கீனம்னு ஒரு வார்த்த போட்டா முடிஞ்சுது.

பெரியவர் – சரி, அவன் இல்லன்னு சொல்லிட்டா? சாட்சி இல்லாம இன்னா பண்ணுவாங்க?

வந்தவன் – அதான் கஷ்டமே. இல்லன்னு ஒரு வார்த்த சொன்னா விட்டுடுவாங்க போல. இவன் சொல்ல மாட்டேங்கறான். போன்ல அத்தினி கெஞ்சினேன். பதினாலு வருஷம் பொய் சொல்லிட்டேன், பனியில நின்னப்போகூட பொய் சொன்னேன், இனிமே முடியாதுங்கறான். கேட்டா கேட்டதுக்கு உண்மையச் சொல்லப்போறேங்கறான்.

பெரியவர் – அவன் அப்டித்தான். சின்ன வயசுல கண்ணாடிய ஒடச்சாகூட நேரா வந்து நிப்பான்.

வந்தவன் – அதனாலதான் வந்தேன். எழுதுனவன் யாருன்னு கண்டுபுடிச்சி, பகையில பொய்யா எழுதிட்டேன்னு அவன் கையாலயே இன்னொரு லெட்டர் வாங்கணும். அது போனா கேஸ மூடிடுவாங்க. தினகரன் வாயே தொறக்க வேணாம்.

பெரியவர் – …நீ அவனுக்கு இன்னா ஆவணும்?

வந்தவன் – பிரெண்டு.

பெரியவர் – போன வருஷம் மலையில வண்டி கவுந்து அவனுக்கு கால் ஒடஞ்சுதே. இந்தப் பிரெண்டுக்கு எப்ப சேதி வந்தது?

வந்தவன் – அது எதுக்கு இப்ப?

பெரியவர் – சொல்லு.

வந்தவன் – அஞ்சாம் நாளு. நாலு நாளு போன் எடுக்கல. உயிரோட கீறானா இல்லியான்னு தெரியாம… ஆபீசுக்குப் போன் பண்ணா, நீ யாரு, உறவா, ரத்த சம்பந்தமான்னு கேக்கறாங்க. இன்னா சொல்றது? வச்சிட்டேன். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுல நின்னு அழுதேன். போதுமா? அவங்க அப்பாவுக்கு மட்டும் மொத நாளே போன் வந்துடுச்சு. அவருக்கு நான் ஒருத்தன் இருக்கறதே தெரியாது.

பெரியவர் – தெரியாதுன்னு தினகரன் சொன்னானா?

வந்தவன் – தெரிஞ்சா மூஞ்சியில முழிக்க மாட்டாருன்னு சொன்னான். பேச்ச மாத்தாத பெரியவரே. நேரா கேக்கறேன். அந்த லெட்டர எழுதுனது நீதான?

பெரியவர் – நான்தான். மூணு தடவ எழுதிக் கிழிச்சிட்டு நாலாவதா நல்லா எழுதி, கையெழுத்து போட்டு, ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பினேன். பேக்டரியில முப்பத்தஞ்சு வருஷம் அப்டித்தான் வாழ்ந்தேன் தம்பி. கொழந்த பொறந்தா எழுதிக் குடு, ரெஜிஸ்டர்ல ஏறும். அம்மா போயிட்டா எழுதிக் குடு, பேர எடுப்பாங்க. முறையா எழுதிக் குடுத்தா எல்லாம் நடக்கும்னு நம்புனவன் நான். ஆஸ்பத்திரியில கால் கட்டோட மயக்கத்துல படுத்துகினு, அப்பா அம்மா யாரையும் கேக்கல அவன், உன் பேரத்தான் சொன்னான், பூந்தமல்லி ஊடு, ஆறு வருஷம்னு எல்லாத்தயும் உளறினான். நான் பக்கத்துல ஒக்காந்து கேட்டுகினு இருந்தேன். எத்தினி வருஷமா என்கிட்ட மறைச்சி வச்சிருந்தான்னு அழுகையா வந்தது. அவன்கிட்ட அதப் பேச எனுக்கு வாய் வரல. கை வந்தது, எழுதுனேன். என் பையனும் பூந்தமல்லி கோகுல்நாத்தும் ஆறு வருஷமா ஒரே குடும்பமா வாழறாங்க, அடுத்த தடவ ஏதாச்சும் ஆனா எனுக்குப் பண்ற போன அந்தப் பையனுக்கும் பண்ணுங்க, குடும்ப லிஸ்டுல அவன் பேர ஏத்துங்கன்னு எழுதுனேன். இவ்ளோதான் எழுதுனேன். போன வாரம் அந்த பைக்குக்காரங்க வந்தப்புறம்தான் என் கையாலயே குழி தோண்டிட்டேன்னு புரிஞ்சுது. அன்னிலேர்ந்து யாரு விசாரிக்க வந்தாலும் இல்லன்னு பொய் சொல்றதுக்குத்தான் இந்த மில்லு வாசல்ல குந்திகினு கீறேன். நீ கேக்கற மாதிரியே எழுதித் தரேன், பேப்பர் கொண்டா. ஆனா அடியில பக்தவத்சலம், உறவுமுறை அப்பான்னு போடணுமே… பெத்த புள்ள மேல பகையில பொய்யா எழுதிட்டேன்னு சொன்னா அவங்க நம்புவாங்க. தினகரன் நம்பிடுவானே கோகுல்நாத், அவன்கிட்ட யாரு எடுத்துச் சொல்றது?