தளபதியைப் புதைத்த இடத்தில் தார் ரோடு

...அதைத்தான் சொல்றேன் என்ஜினியர் தம்பி, லின்யாங் மாவட்ட மேப்புல எங்க ஊரு இருக்கிற எடத்துல வெறும் மலைன்னு பச்சை அடிச்சு வச்சிருக்கானுங்க. இத்தனை குடும்பம் இருக்கோம், பச்சையாவா இருக்கோம்? உக்காருங்க. அந்த மூணு கால் கருவிய மக்காச்சோளத்து மேல சாய்க்காம வைங்க.

போன மாசம் பன்னி விக்கக் கெளம்புனேன். மூங்கில்ல கட்டித் தோள்ல தூக்கி, மலை ஏறி, படகுல ஆறு தாண்டி, மறுபடி மலை ஏறி... கெளம்புறப்ப அது பன்னி. சந்தையில எறக்குனா, "பெரியவரே, முயல் கிலோ என்ன வெல"ங்கிறான் ஒருத்தன். சிரிக்காதீங்க. எம்பொண்டாட்டிய கேளுங்க.

ரோட்ட இந்தக் கரையில போடலாமா அந்தக் கரையிலயான்னுதானே அளக்குறீங்க? அக்கரைக்காரனுங்க ஒங்களுக்குப் புளிச்ச மொளகா போட்டு மீன் சாறு வச்சுக் குடுத்தானுங்களாமே. குடுப்பானுங்க. மீன் இருக்கு, சரித்திரம் இருக்கா? வெள்ளம் அடிச்சிட்டு வந்து ஒதுக்குன ஊரு அது. இங்க அப்படியில்ல. ஐநூறு வருசத்துக்கு முந்தி, மிங் ராஜாக்க காலத்துத் தளபதி ஒருத்தர் குதிரையோட இங்கதான் அடங்கியிருக்காரு. நீங்க செவப்புக் கொடி நட்டிருக்கீங்களே, அதுக்கு நேர் கீழ. எங்க தாத்தா கெணறு தோண்டுறப்ப கடப்பாரை வெண்கலத்துல பட்டு ணங்குன்னுச்சு. பயந்துபோயி மண்ணத் தள்ளி மூடிட்டாரு. இப்பேர்ப்பட்ட ஊருக்கு ரோடு வராம...

யாருக்குப் போன்? தொல்பொருள் ஆபீசுக்கா? அவங்க எதுக்கு...

ஓ. கல்லறை இருந்தா மண்ணுல கைவைக்கக் கூடாதா. அவங்க வந்து தோண்டிப் பாக்குற வரைக்கும்? அது எத்தனை வருசமோ தெரியாதா. அதனால ரோட்ட அக்கரைக்கே...

தம்பி, கொடிய ஏன் புடுங்குறீங்க. தளபதியும் இல்ல, குதிரையும் இல்ல. தாத்தா தோண்டுனது கக்கூஸ் குழி. இந்த ஃபாங் கெழவன் வாயத் தொறந்தா பொய்தான்னு ஊரே சொல்லும். சத்தியமா நான் பொய்யன். நம்பலையா? அந்தா, பக்கத்து வீட்டு மெங் வர்றான் பாருங்க. காலம் பூரா என்னைப் புளுகன்னு ஏசுறதுதான் அவன் பொழப்பு. டேய் மெங், இங்க வாடா. நம்மூர்ல தளபதி கல்லறை இருக்கான்னு கேக்குறாரு. உள்ளதச் சொல்லு.

என்னது... இருக்கா?

தளபதியோட சம்சாரங்க ரெண்டு பேரும் ஒன் வீட்டு அடுப்படிக்குக் கீழயா? அடப்பாவி, இப்படிச் சொன்னா ரோடு நமக்கு வரும்னு நீயும் நெனச்சிட்டியா... நான் ஒரு ஆளையும் ஒரு குதிரையையும்தானேடா பொதச்சேன்.