மகளை மட்டும் விட்டுவிட்டுப் போங்கள்

சிலாபம் போக வேண்டியவன் பாலாவிச் சந்தியில் கல்பிட்டி பஸ்ஸில் ஏறிவிட்டேன். அது தெரிந்த பிறகும் வெட்கத்தில் இறங்கவில்லை. முன் சீட்டில் ஒரு பள்ளிக்கூட அதிபர் பக்கத்தில் இருந்த மூத்தவரிடம் சொன்னார்:

“நீங்க மன்னாருக்குப் போங்க, நானா. மகள மட்டும் விட்டுட்டுப் போங்க.”

யுத்தத்தில் இடம்பெயர்ந்து வந்து, இப்போது ஊர் திரும்பும் தகப்பன் சிரித்தார். “அவ என்ன சேர், கதிரை மேசையா?”

“உங்கட ஆக்கள் போகப் போக வகுப்பு வெறுமையாகுது. மிச்சத்தில கணக்குப் பாஸ் பண்ணக்கூடியவ அவ ஒராள்தான். அவவும் போனா ஓ.எல். சோதினையில கணக்குக்கு எங்களுக்கு முட்டைதான்.”

“வீட்டுத்திட்டக்காரன் வந்து பாக்கக்குள்ள குடும்பம் முழுக்க அங்க நிக்கணுமே. ஒராள் குறைஞ்சாலும் வீடு இல்லையெண்டுவான்.”

“சோதினை முடியுமட்டும் எங்கட வீட்டில தங்கிப் படிக்கட்டும். என்ட மகளும் இரிக்கிறாதானே.”

தகப்பன் ஆலங்குடாவில் இறங்க எழும்பினார்.

“அவட உம்மா ஓமெண்டா, எனக்கும் ஓம்.”

பஸ் புறப்பட்டதும் அதிபர் கண்டக்டரிடம் பெருமையாகச் சொன்னார்: “நம்மட பள்ளிக்கூடம் உண்டாக்கின புள்ள.”

கண்டக்டர் மிச்சக் காசைக் கொடுத்தார்.

“என்ட மகளும் அந்தப் புள்ளட வகுப்புத்தான் சேர். ரெண்டு பேரும் கணக்குப் படிக்கிறது டியூசன்ல. உங்கட பள்ளிக்கூடத்திலதான் கணக்கு டீச்சர் இல்லையே.”