கெட்டித் தயிர்

நல்ல தயிருக்குப் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. பால் விரல் பொறுக்கும் சூட்டில் இருக்க வேண்டும், உறை ஊற்றியபின் பாத்திரத்தை ஆட்டக் கூடாது. என் தயிர் கரண்டியில் எடுத்தால் கட்டியாக நிற்கும். எங்கள் கட்டடத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். என்னைக் கண்டாலே ஆகாதவர்கள்கூடத் தயிரைக் குறை சொல்ல மாட்டார்கள்.

எதிர்வீட்டு அக்கா தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தபால் அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். யாருக்கு எங்கிருந்து என்ன வரும் என்பது அவருக்கு அத்துப்படி. யார் வீட்டுக்கு யார் வருகிறார்கள் என்பது எனக்கு அத்துப்படி. சாயங்காலம் ஐந்து மணிக்கு என் சன்னலோரத்தில் இரண்டு நாற்காலி போட்டு டீயும் பிஸ்கட்டுமாக உட்கார்ந்தால், இருட்டும்வரை எங்களுக்கு வாய் வலிக்காது. அவருக்குச் சர்க்கரை நோய். தெரிந்துதான் பிஸ்கட் கொடுத்தேன், அவரும் தெரிந்துதான் தின்றார். அதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பிறகு அவர் மகனுக்குக் கல்யாணம் ஆனது. மருமகளுக்கு ஆஸ்பத்திரியில், நோயாளிகள் என்ன சாப்பிடலாம் என்று சொல்லித்தரும் வேலை. வந்த கையோடு மாமியார் தட்டைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். முதலில் காய்கறி, அப்புறம் பருப்போ முட்டையோ, சோறு கடைசியில், அதுவும் ஒரு பிடி. குடல் நன்றாக இருந்தால் சர்க்கரையும் சொன்ன பேச்சு கேட்கும் என்பாள். குடலுக்குள் நல்ல கிருமிகள் குடியிருக்கின்றனவாம், அவற்றுக்கு நார்ச்சத்து போட வேண்டுமாம். குடியிருக்க வந்தவர்களுக்கு இவ்வளவு உபசாரத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை. அதோடு நடை வேறு. ஐந்து மணியானால் அக்கா அவள் வாங்கித்தந்த புது ஷூவை மாட்டிக்கொண்டு மருமகளோடு பூங்காவுக்குப் போய்விடுவார்.

பலன் இருந்தது, மறுக்கவில்லை. சர்க்கரை இறங்கியது, ஊசி அளவைக் குறைத்தார்கள், அக்கா முகத்தில் ஒரு களை வந்தது. படிக்கட்டில் என்னைப் பார்த்தால் கையாட்டிவிட்டு இறங்கிப் போவார். இரண்டாவது நாற்காலியில் நான் துவைத்த துணிகளை மடித்து வைக்க ஆரம்பித்தேன்.

எனக்குச் சந்தேகம் தட்டியது அப்போதுதான். ஒரு பெண்ணுக்கு மாமியார் மேல் இத்தனை அக்கறை எதற்கு? வீட்டுக்காகவா, பென்ஷனுக்காகவா? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தேன். நான் ஒட்டுக்கேட்பவள் இல்லை. எங்கள் கட்டடத்தில் சுவர் மெல்லியது, கதவிடுக்கு அகலம், அவ்வளவுதான்.

கடைத் தயிரில் என்ன சேர்க்கிறார்களோ என்று மருமகள் ஒருநாள் கவலைப்பட்டது காதில் விழுந்தது. மறுநாளே போய், நான் உறை ஊற்றித் தருகிறேனே என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். அக்காவுக்கு மூன்று வேளையும் ஒரு கிண்ணம் என்று ஏற்பாடு.

பாலில் சோள மாவைக் கரைத்துக் காய்ச்சினேன். இனிப்பே தெரியாது. உள்ளே போனால் அதுவும் சர்க்கரைதான். எனக்கு அதைச் சொல்லித்தந்ததே அந்த மருமகள்தான். சர்க்கரை கொஞ்சம் ஏறினால், இந்தப் பத்தியமே வேண்டாம் என்று அக்கா வெறுத்துப்போவார் என நினைத்தேன். அவரோ விடாமல் நடந்தார். என் கையும் தாராளமானது.

சர்க்கரை ஏறிக்கொண்டே போக, அந்த வீட்டில் ஆளை ஆள் பார்க்கும் பார்வை மாறியது. மாமியார் திருட்டுத்தனமாக எதையோ தின்கிறார் என்று மருமகள் தலையணை உறைவரை தேடினாள். அக்காவுக்கும் மகனுக்கும் மட்டும் யார் மேலும் சந்தேகம் வரவில்லை. அதற்கு நான்தான் உதவ வேண்டியிருந்தது. மகன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். ஒருநாள் எங்கள் கட்டடத்து லிஃப்டிலேயே வேலையாக இருந்தான். நான் யார் மேலும் பழி போடவில்லை. "அம்மா சாப்பாடு முழுக்க அவ கையிலதானே தம்பி இருக்கு?" என்று மட்டும் கேட்டேன். அவன் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான். கேள்வி கேட்பது குற்றமில்லையே. இந்த ஸ்டேஷனில் நீங்களும் அதைத்தானே செய்கிறீர்கள்.

அந்த வாரமே மருமகள் பெட்டியோடு தன் அம்மா வீட்டுக்குப் போனாள்.

ஷூ கடித்து அக்காவின் கால் பெருவிரலில் வந்த புண் ஆறவேயில்லை. அந்த ஷூவை வாங்கித்தந்தது யார் என்று அவ்வப்போது நினைவூட்டினேன். கடைசியில் விரலை எடுத்துவிட்டார்கள். மகன் வேலைக்குப் போனபின் அக்காவுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? கட்டுப் பிரித்து மருந்து போட்டேன், டீ கொடுத்தேன், கட்டிலருகே உட்கார்ந்து ஊர்க்கதையெல்லாம் பேசினேன். பழைய சாயங்காலங்கள் திரும்பி வந்தன. புண் ஆறினால் கைத்தடி பிடித்து நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தயிரை நான் நிறுத்தவில்லை.

மருமகள் தன் துணிமணிகளை எடுக்க வந்தது ஒரு கட்டுப் போடும் நேரத்தில். அவளைக் கண்டதும் மருந்து பாட்டிலோடு சட்டெனத் திரும்பினேன். புண்ணுக்குப் போடும் அந்தப் பழுப்பு அயோடின் மருந்து, பக்கத்து ஸ்டூலில் இருந்த தயிர்க் கிண்ணத்தில் சொட்டியது. சொட்டிய இடம் மை கொட்டினாற்போல் கருநீலமானது.

அயோடின் பட்டால் மாவு நீலமாகும் என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லித்தருவார்களாம். அந்தப் பாடத்தன்று நான் பக்கத்துப் பெண்ணிடம் என்ன கதை பேசிக்கொண்டிருந்தேனோ.

மருமகள் கிண்ணத்தைக் கையில் எடுத்தாள். "தயிர்ல மாவு எதுக்கு ஆன்ட்டி?"

"கெட்டியா வரத்தான்மா."

அக்கா கிண்ணத்தைப் பார்த்தார், காலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "எப்பருந்து?"

நான் பஞ்சை எடுத்து ஸ்டூலைத் துடைத்தேன். அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"உன்னையும்தானே நடக்கக் கூப்பிட்டேன். நீதானே வரலேன்னே."

கூப்பிட்டது உண்மைதான். ஆனால் பூங்காவில் என்ன இருக்கிறது? மரம் இருக்கிறது, பெஞ்சு இருக்கிறது. என் சன்னலில் இருந்து பார்த்தால் தெருவே தெரியும்.

ஆம், நான்தான் கலந்தேன். தெரிந்தே கலந்தேன், விரல் போன பிறகும் கலந்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். மருமகள் திரும்பி வந்துவிட்டாளாமே. ஐந்து மணிக்கு அக்காவைச் சக்கர நாற்காலியில் வைத்துப் பூங்காவுக்குத் தள்ளிக்கொண்டு போகிறாளாம். பாவம் அக்கா, அங்கே அவருக்குப் பேச்சுத் துணைக்கு யார் இருக்கிறார்கள்?