‘துணிச்சல்’ என்ற சொல்லை அழித்தவர்

மேடையில் அமர்ந்திருக்கும் ஆசிரியர் அவர்களே, பதிப்பாளர்களே, படக்கதை வரைபவர்களே, அண்ணனை இழந்து முன்வரிசையில் இருக்கும் தங்கையே! எல்லோருக்கும் வணக்கம்.

நம் இதழின் மதிப்புரைப் பக்கத்தை இத்தனை காலம் தாங்கிய ரப்பர் அண்ணனைப் பற்றிப் பேச நிற்கிறேன். ஏன் அவர் ரப்பர்? நாங்கள் எழுதிக் கொடுப்பதில் ‘துணிச்சலான’ என்ற சொல் இருந்தால், அதை அழித்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்!

பள்ளி வயதில் இன்னொரு பெண்ணை நேசித்ததை ஒரு பெண் படக்கதையாக வரைந்தார். இதோ, நம்மிடையே இருக்கிறார். பத்திரிகைகள் என்ன எழுதின? பாதிப் பேர் ‘துணிச்சல்’ என்றார்கள். மீதிப் பேர் ‘பிள்ளைகள் கெட்டுப்போகும்’ என்றார்கள். படத்தை யார் பார்த்தார்கள்?

அண்ணன் என்னைக் கூப்பிட்டார். “இங்க வாடா. எழுத்தையெல்லாம் கையால மூடிக்கிட்டுப் பாரு. பஸ்ல ரெண்டு பொண்ணுங்க கம்பியைப் பிடிச்சிட்டு நிக்குதுங்க. பக்கத்தைப் புரட்டப் புரட்ட ரெண்டு கைக்கும் நடுவுல இடம் குறையுது, பாத்தியா? ஆனா தொடவே இல்லடா! இதை எவனாவது எழுதினானா?”

அவர் எழுதினார். முழுப் பக்கமும் அந்த இடைவெளியைப் பற்றியே எழுதினார்! வரைந்தவர் போனில் அழுதார். “அந்தக் கையை எத்தனை தடவை மாத்தி மாத்தி வரைஞ்சேன் தெரியுமா சார்? நீங்க ஒருத்தராவது பாத்தீங்களே.”

அவர் கண்ணுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? அந்த வயதில், இன்னொரு பையனின் கையையே பார்த்துக்கொண்டு பஸ்ஸில் நின்றவர் அவர். அதையெல்லாம் எழுத அவருக்கு எவ்வளவு ஆசை! “உங்க கதையை எப்போண்ணே எழுதப்போறீங்க?” என்று கேட்டால், “அது என் ஒருத்தன் கதையா? என்கூட வாழ்றவரும் சரின்னு சொல்லணும்ல” என்று சிரித்து மழுப்புவார். கடைசிவரை எழுதவில்லை. அதைப் படிக்க ஏங்குகிறேன் அண்ணே! இனி எங்கே போய்ப் படிப்பேன்?

அவருடன் வாழ்ந்தவரை நம் அலுவலகம் ‘ரூம்மேட்’ என்றே அறியும். இன்று காலை அவர் என்னிடம் வந்தார். “எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க தம்பி. நான்தான் வேண்டாம் வேண்டாம்னு அவரைத் தடுத்துட்டே இருந்தேன். இனிமே யாருக்குப் பயப்படணும்?” என்றார். சொல்லிவிட்டேன் ஐயா.

நண்பர்களே, இனி வரும் ஒவ்வொரு படக்கதையையும் படத்தைப் பார்த்தே எழுதுவோம். இது அண்ணன்மீது ஆணை!

கடைசி வரிசையில் நிற்பவரே, அவர் தங்கை பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்து, யாரையும் உட்காரவிடாமல் உங்களுக்காகக் காத்திருக்கிறார். முன்னால் வாருங்கள். நாங்கள் எல்லோரும் துக்கம் கேட்க வந்திருப்பது உங்களிடம்தான்.