பலகையில் ஊறிய வாடை

"மச்சுப் பலகையெல்லாம் பூனை மூத்திர வாடைங்குற, மறுபடியும் ஒரு பூனையக் கொண்டு போற?"

ஏர்வாடி போகும் பஸ்ஸில் முன் சீட்டிலிருந்த பெரியவள் கேட்டாள். எனக்கும் அதே கேள்விதான். அவளுக்குப் பக்கத்திலிருந்த இளையவளின் மடியில் ஒரு மூடிய கூடை கத்திக்கொண்டிருந்தது.

"தொழுவுற எடமாச்சேன்னு மூணு தடவ தண்ணி ஊத்திக் கழுவுனேன் லாத்தா. வாடை கூடித்தான் போச்சு."

"தண்ணி ஊத்துனா பலகை அம்புட்டையும் குடிச்சிரும். துணியால ஒத்தியெடுத்து, வினிகர்ல தொடச்சு, காஞ்சதும் ஆப்பசோடாவத் தூவி ஒரு நா விடு. மொதல்ல இந்தப் பூனைய எறக்கி விடு."

இளையவள் கூடையின் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"பழைய பூனை மௌத்தாகிப் பொதைச்சே ஒரு மாசமாச்சு லாத்தா. உம்மா மச்சுலதான் படுப்பாங்க. கீழ கக்கூஸுக்கு எறங்கிப் போறதுக்குள்ள அவங்களுக்கு வந்துருது. பூனை வேலைன்னு அவங்ககிட்ட சொல்லிச் சொல்லித்தான் தொடைக்கிறேன்."

"வேற பூனைன்னு கண்டுபிடிக்க மாட்டாங்களா?"

"கண்ணு மங்கிப்போச்சு. காலடியில ஒண்ணு கத்துனாப் போதும்."

பெரியவள் கையை நீட்டினாள்.

"கூடைய இங்கன குடு."

வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.