பத்திரிகையில் விட்டுப்போன பேரு

ஒரு குட்டிக் கதை இருக்கு... சொல்லிட்டு எறங்கிடறேன். கடைசி வரிசை ஐயா, சமோசாவ அப்புறம் சாப்பிடுங்க, ஓடிடாது.

இங்க இருக்கற எல்லாரும் மனவளர்ச்சி குறைஞ்ச பிள்ளைங்கள வளக்கறவங்க. ஒண்ணு கேக்கறேன். உங்க பிள்ளைக்குப் பதினெட்டு முடிஞ்சா, சட்டப்படி அவனுக்குப் பாதுகாவலர் யாரு? "நான்தான்"ங்கறீங்களா? இல்லீங்க! மனு போட்டு, கலெக்டர் கமிட்டி விசாரிச்சு, ஆர்டர் குடுத்தாத்தான் நீங்க!

சிகாமணின்னு ஒருத்தர். முப்பத்தாறு வயசு. சட்டை பட்டன் தானா போட்டுக்குவாரு, ரோடு தாண்டத் தெரியாது. யாரு பேப்பர நீட்டினாலும் சிரிச்சுக்கிட்டே கைநாட்டு வெச்சுடுவாரு. அம்மாதான் பாத்துக்கிட்டாங்க. போன தை மாசம் அந்த அம்மாவும் போயிட்டாங்க. இருந்த வீடு அம்மா பேர்ல. அதுல சிகாமணிக்கும் பங்கு உண்டு.

காரியம் முடிஞ்ச மறுநாளே அண்ணன் சபாபதிக்குப் பாசம் பொங்குது பாருங்க... அப்படிப் பொங்குது! முப்பத்தாறு வருஷமா வராத பாசம்! எப்ப வந்துச்சு? "சார், தம்பி சார்பா கையெழுத்துப் போட ஒரு கார்டியன் வேணுமே"ன்னு பில்டர் சொன்னப்ப வந்துச்சு! வீடு கைமாறினதும் தம்பிய நூறு மைல் தள்ளி ஒரு விடுதியில தள்ளிடலாம்னு இடம்கூடப் பாத்தாச்சு.

கார்டியனாக மனுவும் போட்டாச்சு. விசாரணை அன்னைக்கு சபாபதி வர்றாரு. வெள்ளை வேட்டி, கக்கத்துல ஃபைலு. தம்பிக்குப் புதுச் சட்டை... காலர்ல கடைச் சீட்டுகூடக் கிழிக்கல. கமிட்டியில ஒரு அம்மா, பெரிய அதிகாரி. கேக்கறாங்க: "குடும்பத்துல இவர எப்படிப் பாத்துக்குவீங்க?"

சபாபதி நெஞ்ச நிமித்தறாரு. "எங்க குடும்பம் எப்பேர்ப்பட்ட குடும்பம்னு இதப் பாத்தாலே தெரியும் மேடம்!" என்னத்த நீட்டினாரு தெரியுமா? அம்மா இருந்தப்ப நடந்த தன் மக கல்யாணப் பத்திரிகைய!

அந்த அம்மா பொறுமையா படிக்கறாங்க. ஒண்ணுவிட்ட பெரியப்பா, ஓய்வு பெற்ற தாசில்தார்... தாய்மாமா, வட்டச் செயலாளர்... ஒண்ணுவிட்ட சித்தப்பா, அமெரிக்கா... செத்துப்போன தாத்தாவுக்கும் பேரு இருக்கு. பல்லு முளைக்காத நாலு மழலைங்க "எங்க அக்கா கல்யாணத்துக்கு வந்துடுங்க"ன்னு கூப்பிடுதுங்க. மொத்தம் அம்பத்தேழு பேரு!

"எல்லாம் சரிங்க... இதுல சிகாமணி எங்க?"

சபாபதிக்கு வேர்த்துக் கொட்டுது. "அது... பிரஸ்காரன் விட்டுட்டான் மேடம்."

கேட்டீங்களா? அமெரிக்காவுல இருக்கறவர விடல, செத்தவர விடல... கூடப் பொறந்தவன மட்டும் பிரஸ்காரன் விட்டுட்டானாம்!

அதிகாரியம்மா சிகாமணி பக்கம் திரும்பினாங்க. "கல்யாணத்தன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"அவனுக்கு ஒண்ணும் தெரியாது மேடம், நான் சொல்றேன்..."

"அவர்கிட்டதான் கேட்டேன்."

சிகாமணி சொல்றாரு: "ரூம்ல. வெளிய பூட்டு."

"பயமா இருந்துச்சா?"

"இல்ல. அருளு வந்துச்சு."

வாசல்கிட்ட ஒரு பொண்ணு எந்திரிச்சு நின்னுச்சு. "நான் இவரு தங்கச்சிங்க, அருள்மொழி. ரத்த சொந்தம்னு எனக்கும் நோட்டீஸ் வந்துச்சு. வேற ஜாதியில கட்டிக்கிட்டேன்... என் பேரும் அந்தப் பத்திரிகையில இருக்காதுங்க. எல்லாரும் மண்டபத்துக்குப் போனப்புறம் அண்ணனப் பாக்க வந்தேன். சாவி இல்ல. ஜன்னல் கம்பி வழியா ஜாங்கிரி குடுத்துட்டு, சாயங்காலம் வரைக்கும் வெளியவே உக்காந்து பேசிக்கிட்டு இருந்தேன்."

"நீங்க இவரப் பாத்துக்குவீங்களா?"

அவ பதில் சொல்றதுக்குள்ள சிகாமணி முந்திக்கிட்டாரு. "அருளு... உங்க வீட்ல கதவு தெறந்திருக்குமா?"

அருள்மொழி வந்து அண்ணன் கையப் புடிச்சுக்கிட்டா. "தெறந்துதான்ணே இருக்கும்"னு சொல்றதுக்குள்ள அழுதுட்டா. ரெண்டு வாரத்துல ஆர்டர் வந்துச்சு... அருள்மொழி பேருக்கு.

கை தட்டறீங்க. தட்டுங்க. சபாபதியப் பாத்து நல்லா சிரிச்சீங்கல்ல? ஆனா ஒருத்தர்கூட ஒரு கேள்வி கேக்கல. கல்யாணத்தன்னைக்கு அந்த ரூமப் பூட்டினது யாரு? சபாபதி இல்லீங்க... பெத்த அம்மா. மண்டபத்துல வந்தவங்களுக்குச் சந்தனம் குடுத்துக்கிட்டு நின்னப்ப, சாவி அந்த அம்மா இடுப்புல இருந்துச்சு! பாசம் இல்லாதவங்களா? உயிரையே வெச்சிருந்தாங்க. "நாலு பேரு என்ன நினைப்பாங்க"ங்கற பயம்... நம்ம எல்லாருக்கும் இருக்கற அதே பயம்!

என்ன, சத்தத்தையே காணோம்?

நம்ம காலத்துக்கு அப்புறம் யாருன்னு கேட்டு இங்க வந்திருக்கீங்க. நீங்க இருக்கும்போதே மனுவப் போடுங்க, உங்க பிள்ளைய யாரு தேடி வர்றாங்கன்னு பாத்து அவங்க பேர எழுதுங்க. ஆனா நாம மறைச்சு வெச்ச பிள்ளைய, நமக்கப்புறம் யாரு தேடி வருவா? அடுத்த விசேஷத்துக்கு அவனையும் கூட்டிக்கிட்டுப் போங்க. முன்வரிசையில, உங்க பக்கத்துல உக்கார வைங்க. நாலு பேரு பாக்கட்டும்... பாத்தாத்தானே, அதுல ஒருத்தராவது நாளைக்கு வருவாங்க!