ஆப்பிள்பி சாலையில் ஒரு பிரசவம்

— வண்டியை நிறுத்துடா லையஸ்! நிறுத்து, நிறுத்து! டச்சஸுக்குப் பனிக்குடம் உடைஞ்சிருச்சு!

— இங்கயா? நடுரோட்டுலயா? என்னக்கா சொல்ற, இன்னும் மூணு வாரம் இருக்குன்னு நீதானே விரல் விட்டு எண்ணின?

— நான் எண்ணினது எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியுமா? புல்லு மேல ஏத்து, அந்த வேலி ஓரமா. மெதுவா! வண்டிக்குப் பின்னால அவளைக் கட்டியிருக்கிற கயித்தை அவுத்து விடு.

— லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான் பாரு.

— அவங்க ஆத்தா அவனைப் பெக்கும்போதும் எவனாச்சும் ஹாரன் அடிச்சானான்னு கேளு!

— ஆப்பிள்பி குதிரைச் சந்தைக்கு எட்டே மைல்தான் இருக்கு. வழியெல்லாம் நம்ம ஜிப்சி சனம் வண்டி கட்டிப் போயிட்டிருக்கு. எல்லாரும் நின்னு வேடிக்கை பாக்கப் போறாங்க.

— பாக்கட்டும். படுத்துட்டா. என் தங்கமே, என் ராசாத்தி, அப்படித்தான். லையஸ், கையை மடிச்சு விட்டுக்கிட்டு வா. குளம்பு தெரியுது.

— ஒரு குளம்புதான் தெரியுது.

— நல்லாப் பாரு.

— ஒரு குளம்பு, மூக்கு. அவ்வளவுதான். இன்னொரு முன்னங்காலைக் காணோம்க்கா. எனக்குப் பயமா இருக்கு.

— பயத்தை அப்புறம் வச்சுக்கோ. அவ தலையைப் பிடி. நான் கையை விட்டுப் பாக்கறேன்... இருக்கு. முட்டி மடங்கி எலும்புல மாட்டிக்கிட்டிருக்கு. அவ முக்காத நேரமாப் பாத்துக் குட்டியை உள்ள தள்ளித்தான் காலை எடுக்கணும். பேசு அவகிட்ட, எந்திரிக்காம பாத்துக்க!

— என்ன பேசறது?

— எங்கிட்ட வாய் ஓயாம பேசுவியே, அதையே பேசு!

— டச்சஸு, கேளுடி. எங்கக்கா வாஷ்தி இருக்காளே, இவளைப் பொண்ணு கேட்டு ஒருத்தன் வந்தான். நல்ல ஆளு, புது வண்டி, வெள்ளிப் பித்தான் போட்ட கோட்டு. இவ அவன் மூஞ்சியையே பாக்கல. நேராப் போயி அவன் குதிரையோட காலைத் தூக்கிப் பாத்தா. 'குளம்புல கல்லு மாட்டினது தெரியாதவனுக்குப் பொண்டாட்டிக்கு நோவு வந்தா மட்டும் தெரியுமா'ன்னு கேட்டு அனுப்பி வச்சுட்டா. அன்னையிலேருந்து உங்க கூட்டந்தான்டி இவளுக்குப் புருஷன், புள்ளை, பேரன் எல்லாம்...

— வந்துருச்சு! காலு நேராயிருச்சு! ஓடி வா, ஆளுக்கொரு காலைப் பிடி! அவ முக்கும்போது இழு. கீழ் நோக்கி, கீழ் நோக்கி!

— வருதுக்கா! தோள் வந்துருச்சு! ஐயோ, வழுக்குது!

— விட்றாத! ஒரே மூச்சு, ராசாத்தி, இன்னும் ஒரே ஒரு மூச்சு... ஆங்! மூக்குல இருக்கிற சவ்வைக் கிழி! வைக்கோலைக் கொண்டா, தேய், நல்லாத் தேய்!

— தும்முது! அக்கா, தும்முது! மூச்சு விடுது! ஹா, பொட்டைக் குட்டி! குளம்பு மேல குஞ்சமா முடி தொங்கறதுக்குன்னே பொறந்த காலு பாரு!

— கழுத்தைப் பாருடா.

— வெள்ளை. தலை கறுப்பு, கழுத்து வெள்ளை, நெத்தியில பிறை... அக்கா! இது அப்பாவோட குதிரை, பெஸ்ஸி!

— பெஸ்ஸியேதான். முப்பத்தோரு வருஷம்டா லையஸ். அவ பனியில விழுந்து செத்தப்ப, அப்பா மூணு நாள் சோறு தண்ணி தொடல. நான் திருப்பிக் கொண்டாறேன்னு அவர் தலைமாட்டுல சொன்னேன். எத்தனை பொலிகுதிரையைத் தேடி எத்தனை ஊரு நடந்திருப்பேன்! கறுப்பு வரும், கழுத்து வராது. கழுத்து வரும், பிறை வராது. கடைசியில அந்த ரத்தத்துல மிச்சம் இருந்தது டச்சஸ் ஒருத்திதான்.

— எந்திரிக்கிறா பாரு! விழுந்துட்டா. மறுபடியும் பாரு! நாலு காலும் நாலு திசைக்குப் போகுது, கல்யாணத்துல குடிச்சுட்டு ஆடற நம்ம பெரியப்பா மாதிரி. நின்னுட்டா! நின்னுட்டாக்கா!

— மடியைத் தேடறா. அங்க இல்லடி, அது உங்கம்மா முட்டி. பின்னால வா. பிடிச்சுட்டா... குடிக்கிறா.

— ஏழெட்டு வண்டி நின்னுருச்சு, கை தட்டறாங்க பாரு! ஒருத்தர் சந்தை வரைக்கும் தன் டிரெய்லரைத் தர்றேங்கறார். 'ஆஸ்பத்திரிக் குட்டி பொறந்தாச்சா'ன்னு கேட்டாங்க. ஆமான்னு கத்திட்டேன்.

— ஏன்டா கத்தின?

— என்னக்கா கேள்வி இது? போன சந்தையில வண்டி மேல ஏறி நின்னு நீதானே சொன்ன? 'டச்சஸ் அடுத்துப் போடற குட்டி குழந்தைங்க ஆஸ்பத்திரிக்கு, ஏலத்துல வர்றதெல்லாம் அவங்களுக்கு'ன்னு. நாளைக்கு மத்தியானம் ஏலம். வயித்துல இருக்கிறதையே ஏலம் விடறதா இருந்தோம், இப்ப பொறந்தே வந்துட்டா. பணத்தை வாங்கிக்க ஆஸ்பத்திரி நர்ஸம்மா காலையிலயே ரயில்ல வந்துடுவாங்க.

— நாளைக்கு இவளுக்கு ஒரு நாள் வயசுடா. ஆறு மாசமாவது தாய்ப்பால் குடிக்கணும். இவளைத் தனியா ஏலத்துல நிறுத்த என்னால ஆகாது.

— சரி, வேற குட்டியைக் குடுக்கலாம்னு பாக்கறியா?

— வேற குட்டி இல்ல.

— அப்ப? அக்கா, நான் கேக்கறேன்னு கோவிச்சுக்காத. அந்தக் கழுத்தைப் பாத்த உடனே உனக்கு மனசு மாறிருச்சு, இல்ல?

— லையஸ்...

— இரு, நான் பேசணும். என் மக மிசெல்லி அந்த ஆஸ்பத்திரியில மூணு மாசம் கெடந்தா. நம்ம சனம் நாப்பது பேரு வராந்தாவுல. மத்த எடத்துல கோர்ஜோக்காரங்க, நம்ம சனம் இல்லாதவங்க, நம்ம வண்டியைப் பாத்தாலே கதவைச் சாத்துவாங்க. அவங்கள்ல ஒருத்திதான் அந்த நர்ஸம்மாவும். நாப்பது பேருக்கும் டீ போட்டாங்க. என் புள்ளை பொழைக்கல. ஆனா போற வரைக்கும் அவ கையைப் பிடிச்சுக்க நம்ம ஆளு யாராச்சும் ஒருத்தர் பக்கத்துல இருந்தாங்க. பதினோரு வருஷமா நீ வருஷத்துக்கொரு குட்டி குடுத்தியே, நானா கேட்டேன்? நீயா சொன்ன, நீயா செஞ்ச. இன்னைக்கு ஆசைப்பட்டது கையில வந்ததும் ஒரு நாள் வயசு, தாய்ப்பாலுன்னு சாக்கு சொல்ற. நாளைக்கு நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அவங்க முன்னால நிப்பேன்?

— பேசி முடிச்சிட்டியா?

— முடிச்சுட்டேன்.

— கண்ணைத் தொடச்சுக்க. நர்ஸம்மாவுக்குப் போன் போடு. பால்குடியைத் தாய்கிட்டேருந்து பிரிக்க வாஷ்தி மாட்டேங்கறான்னு சொல்லு.

— நான் சொல்ல மாட்டேன். எனக்கு வெக்கமா இருக்கு. நீயே சொல்லிக்க.

— முழுசாக் கேளுடா மடையா. அதனால டச்சஸையும் சேத்தே குடுக்கறான்னு சொல்லு.